சிவாலய ஓட்டம்: பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடமும் நனைந்துபோன செல்போனும்

மகா சிவராத்திரி அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. வருடா வருடம் கலெக்டர் அறிவிப்பார், அதற்கு ஈடாக ஏதோ ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும். தமிழ்நாட்டின் மற்ற ஊர்க்காரர்கள் "உங்க ஊருக்கு மட்டும் என்னய்யா லீவு?" என்று கேட்பார்கள். காரணம் சிவாலய ஓட்டம். ஒரு மாவட்டத்தையே நிறுத்தி வைக்கிற அளவுக்குப் பெரிய விஷயம் என்று அரசே ஒத்துக்கொண்ட ஒன்று அது. ஆனால் அந்த விடுமுறையைத் தாண்டி, ஓடுகிற மனிதனுக்கு என்ன வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து யோசித்தார்களா என்றால், பதில் வருத்தமாகத்தான் இருக்கும்.

தெரியாதவர்களுக்காக முதலில் பாதையைச் சொல்லிவிடலாம். சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் முஞ்சிறை திருமலையில் தொடங்குகிறது. அப்புறம் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியில் திருநட்டாலம். மொத்தம் 12 சிவன் கோயில்கள். எந்தக் குறுக்குவழியில் போகிறோம் என்பதைப் பொறுத்து முன்னே பின்னே ஆனாலும், நூறு கிலோமீட்டரை ஒட்டிய தூரம். செருப்பு கிடையாது. காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, வாயில் "கோவிந்தா... கோபாலா". சிவன் கோயிலுக்கு ஓடுகிறவன் ஏன் விஷ்ணுவைக் கூப்பிடுகிறான் என்பதற்குப் புருஷாமிருகமும் பீமனும் வரும் கதையை ஊரில் எந்தப் பாட்டியும் சொல்லுவாள். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈரத்துணியோடு உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு அடுத்த கோயிலுக்கு ஓட்டம். ராத்திரி முழுக்க, மறுநாள் மாசி மாத வெயில் முழுக்க.

வழியில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சுக்குவெந்நீர், மோர், பானகம், கஞ்சி, சோறு என்று ஊர்க்காரர்கள் வாசலிலேயே பந்தல் போட்டுக் கொடுக்கிறார்கள். பணக்காரன் ஏழை என்ற வித்தியாசமில்லாமல் கொடுக்கிறார்கள். ஜப்பானில் ஷிகோகு தீவைச் சுற்றி 88 கோயில்களுக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் நடக்கிற யாத்திரையில் வழியோர மக்கள் நடப்பவர்களுக்குச் சாப்பாடும் பழமும் கொடுப்பதை 'ஒசெத்தாய்' என்று பெயர் வைத்து உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்கள். இங்கே பெயர் எதுவும் வைக்காமல் அதையே செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் வயிறு மட்டும் நிறைந்தால் போதுமா? ஓடுகிறவனுக்கு ராத்திரி 2 மணிக்குத் தேவைப்படுவது இன்னொரு தம்ளர் மோர் இல்லை. ஒரு மணி நேரம் முதுகைச் சாய்க்க ஒரு தரை, மேலே ஒரு கூரை, பக்கத்தில் ஒரு கழிப்பறை. இது இல்லாததால் என்ன நடக்கிறது? கடைத்திண்ணையில் படுக்கிறார்கள். கோயில் மதிலை ஒட்டிப் படுக்கிறார்கள். ரோட்டோரத்தில் துண்டை விரித்துப் படுக்கிறார்கள். அந்த ரோட்டில்தான் அதே 12 கோயில்களையும் வேனிலும் பைக்கிலும் சுற்றுகிறவர்கள் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். இதிலுள்ள ஆபத்தைப் புரிந்துகொள்ளப் பெரிய நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

"அந்தக் காலத்தில் எல்லாம் இருந்தது, இப்போதுதான் கெட்டுப்போச்சு" என்று ஒரு கூட்டம் உடனே கிளம்பும். பாதி உண்மை. வழியம்பலங்களும், கல்மண்டபங்களும், சுமைதாங்கிக் கற்களும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் சாலைகளில் இருந்தன. மிச்சம் மீதி இப்போதும் நிற்கின்றன. ஆனால் அவை யாருக்காக இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சமஸ்தானத்து ஊட்டுப்புரைகளில் இலவசச் சோறு முக்கியமாகப் பிராமணர்களுக்குத்தான். கோயில் நுழைவுப் பிரகடனம் வந்ததே 1936 நவம்பர் 12-ல். அதற்கு முன்னால் இந்த மாவட்டத்தின் பெரும்பாலான மக்களுக்கு அம்பலத்தின் கூரையும் கிடையாது, கோயிலின் குளமும் கிடையாது. ஆகவே பழையதை அப்படியே திரும்பக் கொண்டுவா என்று கேட்பதில் அர்த்தமில்லை. இன்றைக்கும் மண்டபங்கள் இருக்கின்றன, ஆனால் நிறைய மண்டபங்களின் போர்டில் ஒரு சமுதாயத்தின் பெயர் இருக்கிறது. அவர்கள் நல்ல மனதோடு திறந்துவிட்டாலும், "உள்ளே போகலாமா?" என்று ஒருவன் வாசலில் ஒரு நிமிடம் தயங்கி நின்றாலே அது பொது இடமில்லை. தங்குமிடம் பொதுச் சொத்தாக இருந்தால்தான் அந்தத் தயக்கம் இருக்காது.

அந்தப் பொதுச் சொத்து ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் அரசுப் பள்ளிக்கூடம்.

இந்தக் கூத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சிவாலய ஓட்டத்துக்காக மாவட்டத்துக்கே விடுமுறை விடுகிறார்கள். விடுமுறை என்பதால் பள்ளிகள் பூட்டப்படுகின்றன. முந்தின நாள் சாயங்காலம் மணி அடித்ததிலிருந்தே வகுப்பறை காலி. கூரை இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. எவனுக்காக விடுமுறையோ அவன் அந்தப் பூட்டிய கேட்டுக்கு வெளியே மண்ணில் படுத்திருக்கிறான்! எங்கேயாவது ஒரு தலைமையாசிரியரின் நல்ல மனதால் ஒரு கேட் திறக்கலாம். அது அவருடைய குணம், அரசின் திட்டமில்லை.

"பள்ளியைத் திறந்தால் அசுத்தமாகும், பெஞ்சு உடையும்" என்பார்கள். தேர்தல் வந்தால் என்ன செய்கிறார்கள்? வாக்காளர் 2 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி வைத்து, மூலை முடுக்கெல்லாம் பள்ளிகளைத் திறந்து வாக்குச்சாவடி ஆக்குகிறார்கள். புயல் வெள்ளம் வந்தால் அதே பள்ளிதான் நிவாரண முகாம். ஓட்டுப் போட வருகிறவனுக்குத் திறக்கிற கதவு, ஓடி வருகிறவனுக்கு மட்டும் ஏன் திறக்காது? பொதுத்தேர்வு நேரம் என்றால் தேர்வு மையங்களை விட்டுவிட்டுத் தொடக்கப்பள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முஞ்சிறையிலிருந்து திக்குறிச்சி, அங்கிருந்து திற்பரப்பு என்று முதல் இரண்டு கட்டங்களும் பத்து கிலோமீட்டருக்கு மேல். ராத்திரியில் கடக்க வேண்டிய கட்டங்களும் அவைதான். அங்கே இடையில் ஆளுக்கொரு பள்ளி, மற்ற இடங்களில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. மறுநாள் கூட்டிப் பெருக்க அந்தந்தப் பஞ்சாயத்து. இதற்குக் கோடிக்கணக்கில் பட்ஜெட் வேண்டாம், சாவி வேண்டும்.

அடுத்தது போன். "எல்லார் கையிலும் செல்போன் இருக்கே, இதில் என்ன திட்டம்?" என்று கேட்கிறவர் சிவாலய ஓட்டத்தைப் பார்க்காதவர். 12 கோயிலிலும் குளித்து ஈரத்தோடு ஓடுகிறவன் செல்போனை எங்கே வைப்பான்? பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகுவான், அல்லது வீட்டில் வைத்துவிட்டு வருவான். கொண்டு வந்தாலும் விடியும்போது சார்ஜ் இருக்காது. ரப்பர் தோட்டங்களுக்கும் மேடு பள்ளங்களுக்கும் இடையே போகும்போது சிக்னல் ஏறி இறங்கும், சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீரும். கோயில் பக்கம் வந்தால் வேறு பிரச்சினை. ஒரு டவர் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் என்று ஒரு அளவு இருக்கிறது. அன்றாடம் அந்த ஊரில் இருப்பவர்களுக்காக வைத்த டவர், பல்லாயிரம் பேர் ஒரே ராத்திரியில் வந்தால் திணறும். முன்பு மூலைக்கு மூலை மஞ்சள் போர்டு வைத்த எஸ்.டி.டி. பூத் இருந்தது, ஒரு ரூபாய்க் காசு போட்டால் வீட்டுக்குப் பேசலாம். செல்போன் வந்து அதை ஒழித்துவிட்டது. ஆக, கையிலும் போன் இல்லை, தெருவிலும் போன் இல்லை என்ற நிலை. செல்போனை நம்பி எல்லாவற்றையும் விட்டால் என்ன ஆகும் என்பதை 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் இந்த மாவட்டத்துக்குக் காட்டியது. கரண்ட் போனதும் சிக்னலும் போனது.

இதற்கும் ஆகாயத்திலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. கும்பமேளா போன்ற கூட்டங்களுக்கு வண்டியில் ஏற்றிய தற்காலிக டவர்களைத் தொலைபேசி நிறுவனங்கள் கொண்டு போகின்றன. அமர்நாத் யாத்திரையில், வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது என்பதால் யாத்திரைக்கென்றே தனி சிம் கொடுத்தார்கள். 2022 முதல் யாத்ரீகர்களுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. அட்டையும் வந்தது. இங்கே அவ்வளவு கூட வேண்டாம். திறக்கிற ஒவ்வொரு பள்ளியிலும் பொதுவில் பேச ஒரு போன், சார்ஜ் போட நாலைந்து பிளக், ஒரு நோட்டுப் புத்தகம். வந்தவர் தன் எண்ணையும் நேரத்தையும் அதில் எழுதிவிட்டுப் போகட்டும். வீட்டிலிருந்து அம்மாவோ மனைவியோ போன் செய்தால், "அவர் பொன்மனை தாண்டிட்டாரு" என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருக்கட்டும். வழியில் உள்ள மின்கம்பங்களில் ஒன்று, இரண்டு என்று எண் எழுதி வைத்தால், மயங்கி விழுந்தவனுக்காக 108-க்கு அழைக்கிற வெளியூர்க்காரன், "ஏதோ ரப்பர் தோட்டம் பக்கத்துல" என்று தடுமாற வேண்டியதில்லை.

இதைச் சொன்னால் வருகிற பெரிய எதிர்ப்பு, "விரதம் என்றால் கஷ்டம் இருக்கத்தான் செய்யும், வசதி செய்தால் அது டூர் ஆகிவிடும்" என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் ஓடுகிறார்கள், எத்தனை பேர் ஏ.சி. காரில் 12 கோயிலையும் முடித்துவிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார்கள்? ஓடுகிறவன் தனக்கு வைத்துக்கொண்ட கஷ்டம் வேறு, நிர்வாகம் அவன் தலையில் வைக்கிற கஷ்டம் வேறு. வெறுங்காலில் ஓடுவது அவன் நேர்ச்சை. லாரி ஏறாமல் தப்பிப்பது யாருடைய நேர்ச்சையும் இல்லை. கழிப்பறை இல்லாமல் தவிப்பதில் எந்தப் புண்ணியமும் எந்தப் புராணத்திலும் எழுதியிருக்காது. பெண்கள் பெரும்பாலும் வண்டியில்தான் வருகிறார்கள் என்றால், அதற்குச் சம்பிரதாயம் மட்டுமா காரணம்? ராத்திரியில் நம்பி ஒதுங்க ஒரு இடம் இல்லாததும் காரணம்தான்.

ஸ்பெயினில் சாந்தியாகோ யாத்திரைக்குப் போகிறவர்களுக்கு வழி முழுக்கச் சத்திரங்கள் உண்டு. பல பொதுச் சத்திரங்களில் நடந்து வருகிறவருக்கு முதல் இடம், சைக்கிளில் வருகிறவருக்கு அப்புறம்தான். கையில் ஒரு அட்டை, தங்கும் இடமெல்லாம் அதில் முத்திரை. குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்தால்தான் சான்றிதழ். பெரும்பாலானவர்கள் அந்தத் தூரத்தை நாலைந்து நாளில் நடக்கிறார்கள். ஏறக்குறைய அதே தூரத்தைத் திருமலையிலிருந்து கிளம்புகிறவன் ஒரு ராத்திரி, ஒரு பகலில் ஓடி முடிக்கிறான். சத்திரங்கள் வந்ததால் அங்கே யாருடைய பக்தியும் குறைந்ததாகத் தெரியவில்லை. வருகிறவர்கள்தான் கூடியிருக்கிறார்கள்.

இங்கே சிக்கல் எங்கே என்றால், அரசின் கண்ணுக்கு இது ஒரு பாதையாகவே தெரியவில்லை. 12 கோயில்களில் 12 திருவிழாவாகத் தெரிகிறது. கோயில் வாசலில் போலீஸ் நிற்கும், ஆம்புலன்ஸ் நிற்கும், விளக்கு எரியும். அறநிலையத்துறைக்குக் கோயில் மதில் வரைதான் பொறுப்பு. மதிலைத் தாண்டினால் பஞ்சாயத்து, நெடுஞ்சாலைத்துறை, மின்வாரியம் என்று ஆளுக்கொரு துண்டு. ஆனால் ஓடுகிறவன் கோயிலுக்குள் இருப்பது கொஞ்ச நேரம். மீதி நேரம் முழுக்க அவன் இருப்பது யாருக்கும் சொந்தமில்லாத அந்த ரோட்டில். முஞ்சிறை முதல் நட்டாலம் வரை ஒரே பாதை, அதற்கு ஒரே பொறுப்பு அதிகாரி என்று வைத்தால்தான் இதற்கு விடிவு.

விடுமுறை உத்தரவில் கலெக்டர் ஒரு வரி கூட்டிச் சேர்த்தால் ஆரம்பம் ஆகிவிடும்: பாதையோரப் பள்ளிகள் முந்தின நாள் மாலை முதல் திறந்திருக்க வேண்டும். சுக்குவெந்நீர் ஊர்க்காரர்கள் கொடுத்துக்கொள்வார்கள். அதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.