வாயுவை உண்டு வாழும் சிற்றுயிர்

இறைவனின் படைப்பில் வீண் என்று எதுவுமில்லை என மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். கோழிக் குப்பைக்கும் இது பொருந்துமா என்று யாரேனும் கேட்டால், தயங்காமல் பொருந்தும் என்போம். அமெரிக்காவின் ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் காடி என்னும் பேராசிரியரின் குழுவினர், கோழிக் கழிவிலிருந்துதான் ஒரு விந்தையான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். 1993-ஆம் ஆண்டில் அதற்குக் கிளாஸ்ட்ரிடியம் லுங்டாலி என்ற பெயர் நிலைத்தது. நாம் ஊசி போட்டுக்கொள்கிறோமே தனுர்வாதம், அந்தக் கிருமியின் இனத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். ஒரே குடும்பத்தில் கொலைகாரனும் உழைப்பாளியும்!

இதன் உணவைக் கேட்டால் இன்னும் வியப்பீர்கள். அடைத்த அறையில் கரியடுப்பை வைத்து உறங்கியவர்கள் மாண்டனர் என்று செய்தித்தாளில் படிப்பதுண்டு. அவர்களைக் கொன்ற கார்பன் மோனாக்சைடுதான் இதற்குச் சோறு. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் கூடக் கிடைத்தால் அவற்றையும் உண்ணும். காற்றுப்படாத தொட்டியில், நம் உடற்சூடான 37 டிகிரியில், இவற்றை முதலில் காடியின் புளிப்பான அசெட்டிக் அமிலமாகவும், பின்னர் எத்தில் ஆல்கஹாலாகவும் மாற்றிவிடுகிறது. (சாராயம் என்றதும் அன்னையர் முகம் சுளிக்க வேண்டாம். இது குடிப்பதற்கன்று, பெட்ரோலில் கலப்பதற்கு.)

இந்த வாயுவை எங்கிருந்து பெறுவது? மரக்கிளை, சருகு, வைக்கோல் எதுவாயினும், முழுதும் எரியவிடாமல், காற்றைக் குறைத்து, கடுஞ்சூட்டில் வைத்தால் வாயுவாகிவிடும். இது புதிதன்று. இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் பஞ்சத்தால் நம் ஊர்ச் சாலைகளில் பின்புறம் அடுப்பு கட்டிக்கொண்டு ஓடிய கரிவாயு பஸ்ஸைப் பாட்டி தாத்தாமார் சொல்லக் கேட்டவர்கள் உண்டு. அதே வாயுதான். அன்று எஞ்சினுக்குப் போனது. இன்று பாக்டீரியாவுக்குப் போகிறது.

ஈஸ்டைக் கொண்டே ஆல்கஹால் செய்யலாமே என்று எண்ணத் தோன்றும். ஈஸ்டுக்குச் சர்க்கரை வேண்டும். கரும்பும் மக்காச்சோளமும் மனிதரும் கால்நடையும் உண்ணும் பொருள்கள் அல்லவா? மரத்தில் மறைந்துள்ள சர்க்கரையைப் பெரும்பாடுபட்டுப் பிரித்தாலும், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பகுதியை ஈஸ்ட் தொடாது. வாயுவாக்கிவிட்டாலோ லிக்னினும் சேர்ந்தே வாயுவாகிவிடுகிறது. ஏழைகளின் தட்டைத் தொடாமல் எரிபொருள் செய்ய வழி இருக்கிறதென்றால், அதைப் பள்ளி மாணவியரும் அறிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இப்பக்கத்தில் இதை எழுதுவதும் அதனால்தான்.

சொல்வது எளிது, செய்வது அப்படியன்று. புளோரிடாவில் வீரோ பீச் என்னும் ஊரில் இனியோஸ் பயோ நிறுவனம் 13 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு ஓர் ஆலை கட்டியது. தோட்டக் கழிவும் மரத்துண்டுகளும் அதன் தீனி. ஆண்டுக்கு 80 லட்சம் காலன் எத்தனால் செய்யலாம் என்று திட்டம். 2013-இல் உற்பத்தி தொடங்கியதாக அறிவிப்பும் வந்தது. பிறகு தொல்லை தலைகாட்டியது. தழைகளிலுள்ள நைட்ரஜன், கடுஞ்சூட்டில் ஹைட்ரஜன் சயனைடாக மாறி வாயுவோடு கலந்து வந்தது. கார்பன் மோனாக்சைடையே சோறாக உண்ணும் உயிர் சயனைடுக்குத் தாங்கவில்லை. வாயுவைக் கழுவும் கருவிகளைப் பின்னால் சேர்த்துப் பார்த்தார்கள். ஆயினும் 2016-இல் ஆலை விற்பனைக்கு வந்துவிட்டது.

இதைக் கண்டு முழுமுயற்சியும் வீண் என்று கைகழுவுவோரை நாங்கள் ஒப்பவில்லை. தோற்றது பாக்டீரியா அன்று. அதற்குச் சுத்தமான உணவு பரிமாறத் தெரியாத நாம்தான். 2018-இல் சீனாவில் ஓர் உருக்காலையின் புகைபோக்கிக்குப் போகும் வாயுவை, முயல் எச்சத்தில் கண்டெடுத்த இதன் உறவுக்காரப் பாக்டீரியாவுக்கு ஊட்டி, லான்சாடெக் நிறுவனத்தின் முறையில் எத்தனால் செய்யும் ஆலை இயங்கத் தொடங்கியது. எரிபொருள் மட்டுமா? 2022-இல் அந்தப் பாக்டீரியாவின் மரபணுக்களைத் திருத்தி அசிட்டோன் செய்து காட்டியிருக்கிறார்கள். நகப்பூச்சை அழிக்கும் அதே அசிட்டோன்தான். (நம் பள்ளியில் அதற்கு வேலையில்லை என்பது வேறு!)

எங்களை உறுத்துவது வேறொன்று. 'கழிவு' என்ற சொல்லை ஆலைக்காரர் மிக எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பஞ்சாபில் நெல்லறுத்தபின் வயலிலேயே தாளைக் கொளுத்துகிறார்கள். டில்லி மக்கள் மூச்சுத் திணறுகிறார்கள். அங்கே அது கழிவு. அதை வாயுவாக்கி இந்தச் சிற்றுயிருக்குக் கொடுத்தால் புண்ணியம். தஞ்சை மாவட்டத்து வைக்கோலோ மாட்டின் தீனி. அதை ஆலைக்கு விற்றுவிட்டால் பால் கறப்பவள் எதைப் போடுவாள்? சருகு அத்தனையும் வாரிக்கொண்டு போனால் மண்ணுக்கு உரம் எங்கே? ஆலை எத்தனை பெரிதோ அத்தனை தொலைவிலிருந்து தீனியை லாரியில் ஏற்றிவர வேண்டும். அந்த லாரிக்கும் டீசல் வேண்டும். ஆகவே ஆலைக்கு இடம் பார்க்குமுன் அவ்வூரில் எது உண்மையில் வீணாகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுக்கும்போது பெண்களைக் கேட்க வேண்டும் என்பதை வற்புறுத்துகிறோம். எந்தச் சுள்ளி யார் வீட்டு அடுப்புக்குப் போகிறது என்பது அவர்களுக்கே தெரியும்.

நம் பக்கத்தில் இராமநாதபுரம் சீமையை மூடிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தைச் சிலர் உடனே காட்டுவார்கள். நல்ல யோசனைதான், அம்மரம் தொலைவதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் அதையே வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. ஆலை வருமானால் அவர்களுக்கு அதில் என்ன வேலை, என்ன கூலி என்பதையும் திட்டத்திலேயே எழுதட்டும்.