நாய்க்குத் தெரியாத பச்சை

அச்சன்புதூரில் அண்ணன் வீட்டுப் புறவாசலில் ஒரு சிறு சச்சரவு. தென்னைக்கும் அங்கணத்துக்கும் இடையில் கம்பிவலை அடித்து, நாய் ஓடியாட ஓரிடம் ஒதுக்குவது என்று முடிவாகிவிட்டது. தரையில் என்ன போடுவது என்பதில்தான் தகராறு. அண்ணன் மகன் செயற்கைப் புல் என்கிறான். மாதிரித் துண்டொன்றை வாங்கி வந்து மேசைமேல் விரித்தும் வைத்துவிட்டான். என்னைக் கருத்துக் கேட்டார்கள். கேட்டதைவிட அதிகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் பக்கத்து நியாயம். அது ராஜபாளையத்து நாய். அஞ்சல் துறை 2005இல் தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நான்கு நாயினங்களுள் ஒன்று. வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட நீண்ட கால்கள். அது பகல் முழுவதும் ஐந்தடிச் சங்கிலியில் கிடக்கிறது. அவிழ்த்துவிட ஓரிடம் வேண்டும் என்று அந்த வீட்டில் முதலில் சொன்னவன் அவன்தான். ருக்மிணி தேவி அருண்டேலை நாம் கலாக்ஷேத்திராவோடு நிறுத்திக்கொள்கிறோம். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகத்தான் 1960இன் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு நடக்கவோ ஓடவோ விடாமல் புறக்கணிப்பது வதை என்று அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. நம் தெருக்களில் எத்தனை வீடுகள் இதில் தேறும் என்று எண்ணிப்பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. ஆகவே வேலியைப் பற்றி எனக்கு மறுப்பில்லை.

புல்லைப் பற்றித்தான் மறுப்பு. இந்தப் பச்சை யாருக்காக? மனிதக் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பணுக்கள் மூன்று வகை. நாயின் கண்ணில் இரண்டே வகை. அது நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும். பச்சையும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய ஒரே மங்கல். நாய்க்குத் தரை என்பது முதலில் மணம், பிறகு பாதத்துக்குத் தெரியும் சூடும் ஈரமும். நேற்று எந்தக் கீரிப்பிள்ளை கடந்து போயிற்று, பக்கத்து வீட்டுப் பூனை எங்கே உட்கார்ந்திருந்தது என்பதெல்லாம் மண்ணில்தான் எழுதியிருக்கும். அதன்மேல் பிளாஸ்டிக்கை விரிப்பது, வாசிக்கிறவன் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு நல்ல அட்டையை மட்டும் கொடுப்பது போன்றது.

இந்தப் பொருளின் பிறப்பையும் கொஞ்சம் பார்க்கலாம். 1964இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரப் பள்ளியொன்றில் இதை முதலில் பெரிய அளவில் விரித்தார்கள். பெயர் பரவியது 1966இல், ஹூஸ்டன் நகரின் கூரையிட்ட பேஸ்பால் அரங்கத்தில். கூரைக் கண்ணாடியின் கூச்சத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை என்று வண்ணம் பூச, வெளிச்சமின்றி உள்ளேயிருந்த உண்மையான புல் செத்துப்போயிற்று. அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது இது. (ஒலிம்பிக் ஹாக்கியில் இது நுழைந்தது 1976இல், மான்ட்ரியாலில். முந்தைய ஆண்டுதான் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா அங்கே ஏழாவது இடம். அந்தப் புண் எங்கள் தலைமுறைக்கு இன்னும் ஆறவில்லை.) வெயில் படாத இடத்தில் புல்லுக்கு மாற்றாகப் பெயரெடுத்த ஒன்றைப் பங்குனி வெயிலில் விரித்தால் என்னாகும்? உயிருள்ள புல் நீராவியை வெளிவிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பாலிஎதிலீன் இழைக்கு அந்த வித்தை தெரியாது. 2002இல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது, பகல் நேரச் சராசரியாகச் செயற்கைத் தரை ஏறத்தாழ 47 டிகிரி செல்சியஸ் காட்டியது. இயற்கைப் புல்தரை 26 டிகிரியைத் தாண்டவில்லை. உள்ளங்கால் வழியாகவும் மூச்சிரைத்தும்தான் நாய் தன் சூட்டைத் தணித்தாக வேண்டும்.

வெயில் பாதி என்றால் சாரல் மீதி. ஆனி, ஆடியில் குற்றாலத்துப் பக்கம் துணி காய வைப்பதே பெரும்பாடு. செயற்கைப் புல்லுக்கு மண்ணைத் தோண்டி, சரளை கொட்டி இறுக்கி, துணி விரித்து, மேலே பாயைப் போட்டு, இழைகளுக்கிடையே மணல் தூவுவார்கள். நாயின் சிறுநீர் அந்த மணலிலும் பாயின் அடியிலும் தங்கும். அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக்கும். மண்ணிலும் இதுவேதான் நடக்கிறது. ஆனால் அங்கே அதை வாங்கிக்கொள்ள வாழையின் வேர் காத்திருக்கிறது. பாயின் அடியில் யார் இருக்கிறார்கள்? அதற்கென்று வாசனை உறிஞ்சும் தாதுத்தூளும் கழுவும் திரவமும் தனியாக விற்கிறார்கள். அருகம்புல் அழைக்காமலே முளைக்கும் ஊரில், வயிறு சரியில்லாத நாய் தானே தேடிப்போய் அதைக் கடிக்கும் ஊரில், இத்தனை ஏற்பாடு.

இவ்வளவையும் நான் சொல்லி முடிக்க, மதினி ஒரே வரியில் மடக்கினார்கள்: “கொழுந்தனாருக்கென்ன, நாலு நாள் இருந்துட்டுப் போயிருவீங்க. சேத்துக் காலோட அது அடுக்களை வரைக்கும் வரும்போது தரையைத் துடைக்கிறது யாரு?”

இதற்கு என்னிடம் உடனே பதிலில்லை. மண்ணின் மகத்துவம் பேசுகிறவர்களுள் பெரும்பாலோர் துடைப்பத்தைத் தொடாதவர்கள், என்னையும் சேர்த்துத்தான். பிறகு யோசித்துச் சொன்னேன்: தண்ணீர் வாழைப்பக்கம் வடியுமாறு சரிவு வைத்து, மேலே ஆற்றுமணல் போடலாம், சேறு பெருமளவு குறையும். வாசற்படிக்கு முன் நாலு கல் பாவலாம். ஒரு மூலையில் ஓடு வேய்ந்து, உயரமாக ஒரு கல் திண்ணை. நிழலுக்கு முருங்கை ஒன்று. மண்ணே இல்லாத சென்னை மாடிவீட்டுக்காரர் பால்கனியில் ஒரு துண்டுப் பாயை விரித்தால் நான் குறை சொல்ல மாட்டேன். அதைக் கழற்றிக் கழுவி உலர்த்த முடியும். ஆனால் மண் இருக்கிறவன் அதை மூடுவது வேறு. மட்கவே மட்காத அந்தப் பாய் பத்துப் பதினைந்து ஆண்டில் நைந்த பிறகு சுருட்டி எந்த ஓடைக்கரையில் போடுவது என்பதற்கும் அண்ணன் மகனிடம் விடையில்லை. அதன் இழைகளுக்கிடையே தூவும் நெகிழித் துகள்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2031 முதல் தடை செய்யவிருக்கிறது.

இப்போதைக்கு வேலி மட்டும் அடிப்பதென்றும், தரையைச் சாரல் முடிந்த பிறகு பார்த்துக்கொள்வதென்றும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மாதிரித் துண்டு மிதியடியாகிவிட்டது. நாய் அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு, வாழையடியில் தான் பறித்துவைத்திருக்கும் ஈரக் குழிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.