அளவில்லா டெண்டர்! அரைவயிற்றுக் கூலி!

கவரைப்பேட்டை நிலையத்திலே விடியற்காலையில் ரயிலேறி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குச் செல்லும் தோழர்களிலே பிட்டர் ஒருவரை அழையுங்கள். அளவு குறிக்காத வரைபடம் ஒன்றைக் கையிலே கொடுத்து, "இதன்படி இரும்பை வெட்ட என்ன விலை?" என்று கேளுங்கள். சிரிப்பார்! "நீளம் எவ்வளவு? கனம் எவ்வளவு? துளை எந்த இடத்திலே? இவை தெரியாமல் வெட்டுவது எப்படி, விலை சொல்வது எப்படி?" என்று திருப்பிக் கேட்பார்.

பட்டறையிலே செல்லாத பேச்சு சர்க்கார் பத்திரத்திலே செல்லுகிறதே, அது எப்படி?

மருத்துவமனையைப் பெருக்க, நிலையத்தைக் கழுவ, அலுவலகத்தைக் காவல் காக்க, சாக்கடை அடைப்பை நீக்க டெண்டர் விடுகிறார்கள். அவற்றிலே பலவற்றில் என்ன எழுதியிருக்கும்? வளாகத்தைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டுமாம். தேவையான ஆட்களைப் போட வேண்டுமாம். அதிகாரி அவ்வப்போது இடும் பிற வேலைகளையும் செய்ய வேண்டுமாம். தூய்மை என்றால் எத்தனை முறை? தேவை என்றால் எத்தனை பேர்? பிற வேலை என்றால் எது? கேட்டால் பதில் இல்லை!

கணக்குப் போட்டுப் பார்ப்போம், தோழர்களே. ஒரு நிலையத்திலே துடைக்க வேண்டிய தரை 6,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 3 முறை துடைத்தால் 18,000 சதுர மீட்டர் வேலை. ஒருவர் ஒரு ஷிப்டிலே 1,500 சதுர மீட்டர் முடிப்பார் என்றால் 12 பேர் வேண்டும். வாரத்திலே ஒரு நாள் ஓய்வு தர வேண்டுமல்லவா? அதற்கும் சேர்த்து 14 பேர். இவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 விழுக்காடு, போனஸ் 8.33 விழுக்காடு, துடைப்பம், பினாயில், கையுறை, இவற்றோடு நியாயமான லாபம். கூட்டினால் விலை வந்துவிடுகிறது! எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு!

"தேவையான ஆட்கள்" என்று மட்டும் எழுதிவிட்டால் என்ன ஆகும்? நேர்மையான காண்டிராக்டர் 14 பேருக்குக் கணக்குப் போடுவார். தந்திரக்காரர் 8 பேருக்குப் போடுவார். குறைந்த புள்ளி யாருடையது? தந்திரக்காரருடையது! டெண்டர் அவருக்கு! தரை சுருங்கிவிடுமா? சுருங்காது. 14 பேர் சுமக்க வேண்டியதை 8 பேர் முதுகு சுமக்கும்.

"அப்படியானால் ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதிவிடலாமே" என்பார்கள். அதிலும் வஞ்சம் இருக்கிறது. கூலியைச் சட்டம் தீர்மானிக்கிறது, தலைகளின் எண்ணிக்கையைப் பத்திரம் தீர்மானிக்கிறது என்றால், போட்டிக்கு மிஞ்சுவது காண்டிராக்டரின் கமிஷன் ஒன்றுதான். "எனக்குக் கமிஷனே வேண்டாம்" என்று வள்ளல்கள் வரிசையாக வந்தார்கள்! சுழி போட்ட புள்ளியை ஏற்கக் கூடாது என்று மத்திய நிதியமைச்சகம் 2014 ஜனவரியிலே சுற்றறிக்கை விட நேர்ந்தது. சுழி கூடாதென்றால் நூற்றில் ஒரு பைசா என்று எழுதினார்கள். லாபமே இல்லாமல் தொழில் நடத்த இவர்கள் என்ன தர்ம சத்திரமா கட்டியிருக்கிறார்கள்? பத்திரத்திலே விட்ட லாபத்தைத் தொழிலாளியின் சம்பளப் பையிலே தேடுகிறார்கள்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998ஆம் ஆண்டு வந்தது. புறவயமான, அளவிடத்தக்க காரணிகளைக் கொண்டே குறைந்த புள்ளியைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்கிறது. மத்திய சர்க்காரின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், செய்ய வேண்டிய வேலையின் விவரத்தையும், சர்க்கார் தரப்போகும் வசதிகளையும் டெண்டரிலே சொல்லவேண்டும் என்கின்றன. விதி ஏட்டிலே, வேதனை வீட்டிலே!

சாக்கடை வேலையிலே இந்த அலட்சியம் உயிரையே குடிக்கிறது. "அடைப்பு நீக்குக" என்று எழுதி, எந்த இயந்திரம், யார் கொண்டுவருவது, பாதுகாப்புக் கருவிக்கு எவ்வளவு என்று எழுதாமல் விட்டால், இயந்திரத்தின் இடத்திலே மனிதன் இறக்கப்படுகிறான். அதைத் தடுக்க 2013ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20ஆம் நாள் தீர்ப்பிலே, சாக்கடைச் சாவுக்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு என்றது. அதோடு நிற்கவில்லை. மாதிரி ஒப்பந்தப் பத்திரம் ஒன்று தயாரிக்க வேண்டும், விபத்து நேர்ந்தால் அந்த நிறுவனம் ஒப்பந்தத்தை இழக்க வேண்டும் என்றும் கூறிற்று. சாவுக்கும் பத்திரத்திலுள்ள வாசகத்துக்கும் உள்ள உறவை நீதிமன்றமே கண்டுவிட்டது. அலுவலகங்கள் காண வேண்டாமா?

"எல்லாவற்றையும் எழுதினால் செலவு கூடுமே" என்று அதிகாரிகள் அங்கலாய்க்கலாம். செலவு புதிதாகப் பிறக்கவில்லை, ஐயா! இன்றும் அது இருக்கிறது. கஜானா கொடுக்க வேண்டியதைத் தொழிலாளியின் வயிறு கொடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நிரந்தர வேலை வேண்டும் என்ற கோரிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை நாம். அது நம் உரிமை. அது கைகூடும் வரை, ஒப்பந்தத்தின் பெயரால் நடக்கும் சுரண்டலுக்கு வேலி போடச் சொல்லுகிறோம்.

தோழர்களே! 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையிலே இருக்கிறது. உங்கள் ஊர் அலுவலகத்தின் ஒப்பந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். வேலை எவ்வளவு, எத்தனை முறை? ஆட்கள் குறைந்தது எத்தனை பேர்? பொருளும் கருவியும் யார் செலவு? அளந்து பார்ப்பவர் யார், குறைந்தால் தண்டம் என்ன, கூடினால் கூலி என்ன? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மே முதல் நாள் கூடும் கிராம சபையிலே எழுந்து நின்று கேளுங்கள். வேலைப் பட்டியலைத் தமிழிலே எழுதி, பெருக்குகிற தாய்மார்கள் படிக்கும்படி வாசலிலே மாட்டச் சொல்லுங்கள்.

எழுதாத வேலைக்கும் விலை உண்டு. அதைத் தொழிலாளியின் தலையிலே கட்டுவது நிற்க வேண்டும். அளந்து எழுதட்டும்! அறிந்து விலை சொல்லட்டும்! உழைத்தவன் கூலி குறையாமல் வீடு சேரட்டும்!