கல்லாவும் கல்லூரியும்



காலையில் ஆழ்வார்திருநகரி ஸ்டேஷனில் ரயிலேறிக் கல்லூரிக்குப் போகிறாய், விலங்கியல் படிக்கிறாய். மாலையில் வாப்பாவின் கடைக் கல்லாவில் உட்காருகிறாய். இரவில் உம்மாவுக்கு மருந்து, தம்பிக்குக் கணக்குப் பாடம். 'இதற்கு நடுவே ஆராய்ச்சி வேறா?' என்கிறாய். நியாயமான கேள்விதான்.

பறவையியல் மேதை சலீம் அலியும் இதே நெருக்கடியில் நின்றவர்தான். குழந்தையிலேயே பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவர். குடும்ப வியாபாரத்தைக் கவனிக்கப் பர்மா போனவர். 1917ல் பம்பாய் திரும்பியதும் தாவர் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். அதே காலத்தில் செயின்ட் சேவியர் கல்லூரியில் விலங்கியலும் படித்தார். 1918 டிசம்பரில் திருமணமும் ஆயிற்று! வேலையில்லாத நாட்களில் கிஹிம் கிராமத்தில் தூக்கணாங்குருவிகளைக் கவனித்து எழுதிய கட்டுரைதான் 1930ல் அவரை ஊரறியச் செய்தது.

'அவர் வசதியான குடும்பம்' என்பாய். உண்மை. ஆனால் குருவியைப் பார்க்க அவருக்குத் தேவைப்பட்டது பொறுமையும் நோட்டும்தானே?

உனக்குக் கடம்பாகுளம் இருக்கிறது. ஞாயிறுதோறும் பஜ்ர் தொழுதுவிட்டுப் போ. ஒரே இடம், ஒரே நேரம். எத்தனை நாரை, எத்தனை கூழைக்கடா, தண்ணீர் எவ்வளவு என்று தேதி போட்டு எழுது. தாமிரபரணிக் குளங்களில் 2011 முதல் நடந்துவரும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் கல்லூரி மாணவர்களும்தான் எண்ணுகிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, குளங்கள் உடைந்தன. அதற்கு முந்திய ஆண்டின் நோட்டு உன்னிடம் இருந்திருந்தால், எந்தப் பறவை திரும்பவில்லை என்று இன்று உன்னால் சொல்ல முடியும்.

வியாபாரப் பெரியவர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. 1973ல் அதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். முத்து, கடலிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குக் குடியேறிவிட்டது. முத்து வாங்கி விற்ற நம் சமுதாயத்தில் எத்தனை பிள்ளைகளை அந்தப் படிப்புக்கு அனுப்பினோம்?

சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை மத்திய அரசு 2022ல் நிறுத்தியது. அதை மீட்கக் குரல் கொடுப்போம், கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்தைத் தர எந்த மந்திரியின் கையெழுத்தும் தேவையில்லை. மகளுக்கும் அதே இரண்டு மணி நேரம், அடுப்படி காத்திருக்கட்டும்.

வருகிற ஞாயிறு எட்டரை மணிவரை கல்லாவில் நீங்களே உட்காருங்கள், வாப்பா!