வயதானவர்கள் இளைக்கலாமா?

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள செட்டிநாட்டு ஊர்களில் இளையாத்தங்குடியும் ஒன்று. நகரத்தார்களின் ஒன்பது கோயில்களில் ஒன்று இங்கே இருக்கிறது. "இளைப்பாற்றும் குடி" என்பதே மருவி இளையாத்தங்குடி ஆயிற்று என்று ஊர்ப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள்.

"இளைப்பு" என்பது வேடிக்கையான சொல். உடம்பு களைத்தாலும் இளைப்புதான். மெலிந்தாலும் இளைப்புதான். மூச்சு வாங்கினாலும் இளைப்புதான். மூன்றையும் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டு வைத்தார்கள் நம் முன்னோர்கள். முடிச்சு சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள் இன்றைய டாக்டர்கள்!

கோயில் காரியம், சாந்திக் கல்யாணம் என்று வெளியூர்களிலிருந்து பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் வந்து இறங்கும் நாட்களில், செட்டிநாட்டு வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"என்ன ஆயா, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?"

"எழுபத்தஞ்சு வயசாச்சு, ராசா. இனிமே சதை எதுக்கு? லேசா இருந்தாத்தானே நடமாட முடியும்?"

பேரனுக்கும் அது நியாயமாகத் தோன்றும். பலகாரத் தட்டு வரும். பேச்சு மாறிவிடும்.

அந்த இடத்தில் பேச்சை மாற விடக்கூடாது. வயதானால் இளைக்கத்தான் செய்யும் என்று சும்மா இருப்பது ஆபத்து.

இது ஓர் ஊரின் சங்கதி அல்ல. 2017-18இல் மத்திய அரசு நாடு முழுவதும் முதியோர்களைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தியது. 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல், இருக்க வேண்டிய எடைகூட இல்லை என்று அதில் தெரிந்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல் அதிக எடை. அதிக எடையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குறைந்த எடையைப் பற்றிப் பேசுவார் இல்லை.

கரைவது எது?

வயதானவர் இளைக்கும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை. தசையும் சேர்ந்து கரைகிறது. முப்பது வயதுக்கு மேலேயே தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்கு மேல் அது வேகம் பிடிக்கிறது. இளைஞர் ஒருவர் நான்கு நாள் காய்ச்சலில் படுத்தால், இழந்த தசையைச் சீக்கிரம் திரும்பப் பெற்றுவிடுவார். எழுபது வயதுக்காரருக்கு அது சுலபமல்ல.

தசை போனால் என்ன? செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயரமான வாசற்படி, முற்றம், ஒரு கட்டைத் தாண்டி மறு கட்டு. காலில் பலமில்லாதவர் தடுக்கி விழ அங்கே இடமா இல்லை? முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால், மீண்டும் பழையபடி நடக்க முடியாமலே போகிறவர்கள் பலர். "லேசாக இருந்தால் நடமாடலாம்" என்ற ஆயாவின் கணக்கு இங்கேதான் தப்பிப் போகிறது. உடம்பைத் தூக்கி நடப்பது தசைதானே!

எவ்வளவு இருக்கலாம்?

உயரத்துக்கேற்ற எடையைப் பார்க்க ஒரு கணக்கு உண்டு. 1832இல் பெல்ஜியம் நாட்டு அறிஞர் அடால்ப் கெத்தலே சொன்னது அது. அவர் டாக்டர் அல்ல, கணிதக்காரர்! ஒருவருடைய உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வந்த தொகையால் எடையை வகுக்க வேண்டும்.

நம் ஆயாவின் உயரம் 150 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் 2.25. எடை 45 கிலோ என்றால், வகுத்து வருவது 20.

பொதுவாக 18.5க்குக் கீழே போனால்தான் எடைக் குறைவு என்பார்கள். ஆகவே 20 போதும் என்று தோன்றும். ஆனால் முதியோர் நிறைந்த ஜப்பானில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 21.5 முதல் 24.9 வரை இருக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு 2020ஆம் ஆண்டு உணவு வழிகாட்டியில் சொன்னது. அந்தக் கணக்குப்படி ஆயா 48 முதல் 56 கிலோ வரை இருக்கலாம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஐயா 55 முதல் 63 கிலோ வரை இருக்கலாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வயதானால் முதுகு வளைந்து உயரம் குறையும். அந்த உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், மெலிந்தவர்கூடப் பருமனாகத் தெரிவார். நடுவயதில் அளந்த உயரம் நினைவிருந்தால் அதையே எடுத்துக்கொள்வது நல்லது.

சற்றுச் சதைப்பற்று இருக்கலாம் என்பதற்காகத் தொந்தி போடலாம் என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். நம் நாட்டவருக்கு வயிற்றில்தான் கொழுப்பு சேருகிறது. சர்க்கரை வியாதியும் அதன் பின்னாலேயே வருகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மூட்டு வலிக்காக எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கூறினால் குறைக்கத்தான் வேண்டும். பட்டினி கிடந்து குறைக்கக்கூடாது. கொழுப்போடு தசையும் போய்விடும்.

வளையல் சொல்லும் சேதி

முதுமையில் எத்தனை கிலோ என்பதைவிட, எத்தனை கிலோ குறைந்தது என்பதே முக்கியம். இளைக்க வேண்டும் என்று நினைக்காமலே, ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் இருபதில் ஒரு பங்கு எடை குறைந்தால் டாக்டரிடம் போக வேண்டும். 50 கிலோ இருந்தவருக்கு அது வெறும் இரண்டரைக் கிலோ! கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கை வளையல் முழங்கை வரை ஏறும். மோதிரம் கழன்று விழும். ரவிக்கை தொளதொளக்கும். கட்டிய பல் செட்டு ஆடும்.

காரணம் பல இருக்கலாம். கட்டுக்கடங்காத சர்க்கரை, தைராய்டு கோளாறு, காசநோய், புற்றுநோய், பசியை மந்தமாக்கும் சில மாத்திரைகள். பல் இல்லாததும் ஒரு காரணம். தனிமையும் ஒரு காரணம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, அத்தனை பெரிய வீட்டில் ஒருவருக்காக உலை வைக்க யாருக்கு மனம் வரும்? காலையில் காபி, இரவில் இரண்டு இட்லி என்று பொழுது போய்விடுகிறது. போனில் பிள்ளைகள் "மாத்திரை போட்டாச்சா?" என்று தவறாமல் கேட்கிறார்கள். "என்ன சாப்பிட்டீங்க?" என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

தசைக்குத் தேவை புரதச் சத்து. முதியவருக்கு நாள் ஒன்றுக்கு, எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும் என்பது முதியோர் மருத்துவர்கள் சொல்லும் அளவு. 50 கிலோ எடைக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. குழைய வேகவைத்த பருப்பு, மசித்த சுண்டல், மீன், தயிர் எல்லாம் பல் இல்லாதவர்களுக்கும் ஏற்றவை. ஆடி மாதத்தில் செட்டிநாட்டு வீடுகளில் உளுந்து மாவில் கிண்டும் கும்மாயமும் சத்தான பண்டம்தான். வெல்லமும் நெய்யும் தாராளமாகச் சேருவதால் சர்க்கரை வியாதிக்காரர்கள் பக்கத்தில் போகக்கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

சாப்பிட்டால் மட்டும் தசை வந்துவிடாது. அதற்கு வேலை கொடுக்க வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து தரம் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் கால் பலம் குறைகிறது என்று பொருள். சோதனையும் அதுவே, பயிற்சியும் அதுவே!

ரயில்வே ஸ்டேஷன்களில் காசு போட்டால் எடையும் ஜோசியமும் அச்சடித்த அட்டை வந்து விழும் மிஷின்கள் ஒரு காலத்தில் இருந்தன. ஜோசியத்தைப் படித்துவிட்டு எடையை மறந்தவர்களே அதிகம். இப்போது வீட்டுக்கே எடை மிஷின் வந்துவிட்டது. அடுத்த தடவை ஊருக்கு வருகிறவர்கள் இனிப்புப் பெட்டிக்குப் பதில் அதில் ஒன்றை வாங்கி வரலாம். மாதம் ஒரு நாள், காலையில் சாப்பிடுவதற்கு முன்பு பார்த்து, சுவரில் மாட்டிய காலண்டரில் அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே குறித்து வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, காலும் வீங்கியிருந்தால் அது சதை அல்ல, நீர். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.