பெரியவர் இருக்க மத்தியஸ்தர் எதுக்கு?

பலெர்மோ நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில் சியாகுல்லி என்று ஒரு இடம் இருக்கிறது. மற்ற இடங்களில் மன்டரின் தோடம்பழக் காலம் முடிந்த பிறகுதான் இங்கத்தைத் தோட்டங்களில் பழுக்கும், ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும். ஆனால் ஊர்ப் பெயரைச் சொன்னால் வயதான இத்தாலியர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பழம் இல்லை. 1963 ஜூன் 30 அன்று கைவிடப்பட்ட கார் ஒன்றில் இருந்த குண்டு வெடித்து, பொலிஸ், கரபினியேரி, இராணுவத்தைச் சேர்ந்த 7 பேர் செத்த இடம் அது. அடுத்ததாக மிக்கேலே கிரேக்கோ. சியாகுல்லித் தோட்டக்காரர், மாஃபியாத் தலைவர். அவருக்குப் பட்டப்பெயர் பாப்பரசர். மாஃபியாக் குடும்பங்களுக்கு இடையில் பேசித் தீர்த்து வைக்கிற கெட்டித்தனத்தால் வந்த பெயர் அது. 1986இல் பிடிபட்டு, சிறைக் கைதியாகவே 2008இல் இறந்தார்.

அவரும் மத்தியஸ்தர்தான், பாருங்கோ. நீதிமன்றம் தூரமாகவும் மெதுவாகவும் இருக்கிற இடத்தில் ஆரோ ஒருத்தர் அந்தக் கதிரையில் வந்து குந்துவார்.

எங்கட ஆக்களுக்குள்ளேயும் அந்தக் கதிரை இருக்கிறது. சீட்டுக் காசு, கடையில் பங்கு, புருஷன் பெண்சாதி சண்டை என்று வந்தால் ஊர்ச் சங்கத்திலோ கோயில் நிர்வாகத்திலோ ஒரு பெரியவரிடம் போவோம். அவரை மாஃபியாக்காரரோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் நல்ல மனிசர், தன்ர நேரத்தைச் செலவழித்து வாறவர். ஆனால் அவர் ஆருக்குச் சொந்தம், கேட்டதை வெளியில் சொல்லமாட்டாரா, நாளைக்கு ஒரு பக்கம் பேச்சு மாறினால் என்ன செய்வது என்று அவரிடம் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு.

இத்தாலியச் சட்டம் இந்தக் கேள்விகளைத்தான் முதலில் கேட்கிறது. 2010ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி வீட்டு வாடகை, முதுசம், மாடிக்குடியிருப்புப் பிரச்சினை, வங்கி, காப்புறுதி ஒப்பந்தங்கள் போன்றவற்றில் வழக்குப் போட முதல் மத்தியஸ்தத்துக்குப் போயே ஆகவேண்டும். அங்கே கேட்டதை மத்தியஸ்தர் வெளியில் சொல்லக்கூடாது. சாட்சி சொல்லவும் அவரைக் கூப்பிட முடியாது. ஒவ்வொரு விஷயத்துக்கும் தான் பக்கச்சார்பு இல்லாதவர் என்று கையெழுத்து வைக்கவேண்டும். இரண்டு பக்க வழக்கறிஞர்களும் சேர்ந்து கையெழுத்திட்ட உடன்படிக்கையைத் தீர்ப்பு மாதிரியே நிறைவேற்றிக்கொள்ளலாம்.

இந்தக் கதிரைக்கு எங்கட பிள்ளைகள் வரலாமோ? வரலாம், ஆனால் பாஷை தெரிந்தால் மட்டும் போதாது. இதில்தான் கன பேர் குழம்புகிறார்கள். ஆஸ்பத்திரியிலும் குவெஸ்தூராவிலும் எங்களுக்காகக் கதைக்கிற பிள்ளையையும் இத்தாலியர் ‘மெடியாத்தோரே’ என்றுதான் சொல்லுவார்கள். அது கலாசார மத்தியஸ்தம், வேறு வேலை. வழக்கு மத்தியஸ்தருக்கு 2023 ஒக்டோபரில் வந்த நீதி அமைச்சின் 150ஆம் இலக்க ஆணை விதி வகுக்கிறது. பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும், குற்றப் பதிவு இருக்கக்கூடாது. அதோடு குறைந்தது 80 மணி நேரப் பயிற்சி, பரீட்சை, பிறகு அனுபவமுள்ள மத்தியஸ்தருக்குப் பக்கத்தில் இருந்து பழகுதல். முந்தி 50 மணி நேரம் போதுமாக இருந்தது. சட்டம் படிக்காதவர்களும் வரலாம், அவர்களுக்கு மேலதிகமாகக் கொஞ்சம் சட்டப் பாடம் இருக்கிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்தவரைச் சட்டமே மத்தியஸ்தராக ஏற்றுக்கொள்கிறது. எப்படி வந்தாலும் தனியாகப் பலகை போட்டு நடத்தேலாது. அமைச்சின் பதிவில் இருக்கிற ஒரு நிறுவனத்தின் பட்டியலில் பெயர் வரவேண்டும். பயிற்சிக்குக் காசு கட்ட முதல் பயிற்சி நிலையமும் அமைச்சின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கோ.

குடும்பப் பிரச்சினைக்கு இது இல்லை. அதற்குக் குடும்ப மத்தியஸ்தர் என்று வேறு ஆள். ஒவ்வொரு நீதிமன்றத்திலும் அவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. தொழில்சார் சங்கம் ஒன்றில் 5 வருஷமாவது அங்கத்தவராக இருந்தவர்தான் அந்தப் பட்டியலுக்குள் வரலாம். இதில் ஒரு விதியை எங்கட வீடுகளில் உரத்துச் சொல்லவேண்டும். வீட்டு வன்முறைக்காகத் தண்டனைத் தீர்ப்பு வந்திருந்தாலோ, விவாகரத்து வழக்கு நடக்கும்போது அடி உதை விஷயம் வெளியில் வந்தாலோ, குடும்ப மத்தியஸ்தத்தைத் தொடங்கவே கூடாது. “கொஞ்சம் அனுசரிச்சுப் போ பிள்ளை” என்று ஒரு பெரியவர் சொல்லுகிற அதே இடத்தில், சட்டம் மத்தியஸ்தரின் வாயைக் கட்டி வைக்கிறது. பெரியவருக்கும் மத்தியஸ்தருக்கும் உள்ள வித்தியாசத்தை ஆராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இது வெள்ளைக்காரன்ர புதுப் பழக்கம் என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் 1958இலேயே இணக்க சபைகளுக்குச் சட்டம் வந்தது. பிறகு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் வந்தன. அங்கே இருக்கிறவர்கள் சம்பளமில்லாத ஊர் மனிசர், ஆனாலும் பயிற்சி எடுத்துத்தான் வருகிறார்கள். அப்பா அம்மா அந்தச் சபைக்கு முன்னால் போய் நின்றிருக்கவும் கூடும், கேட்டுப் பாருங்கோ.

இதை மட்டும் நம்பி வீட்டுச் செலவைப் பார்க்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். வேறு தொழிலோடு சேர்த்துச் செய்கிற வேலை இது. இன்னொரு சிக்கலும் உண்டு. பலெர்மோவில் எங்கட ஆக்களில் ஒருத்தருக்கு ஒருத்தர் மச்சான், அல்லது ஒரே ஊர், இல்லாட்டி ஒரே சீட்டு. பக்கச்சார்பு இல்லை என்று கையெழுத்து வைக்க வேண்டிய தமிழ் மத்தியஸ்தர் பாதி விஷயங்களில் “நான் இல்லை” என்று எழும்பிப் போகவேண்டி வரும். எழும்பிப் போகிறவர்தான் நல்ல மத்தியஸ்தர். ஆகவே ஒருத்தர் வந்தால் காணாது. இரண்டு பகுதிக்கும் சம்மதம் என்றால் சந்திப்பைக் காணொளியில் நடத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. நாப்போலியிலோ மிலானோவிலோ இருக்கிற, எங்களில் ஒருத்தரையும் தெரியாத பிள்ளைக்கும் பலெர்மோவில் வேலை இருக்கும்.