மகாராணிக்கு மலையகத்தின் ஒப்பாரி எதற்கு?

"வெள்ளைக்காரன் இருந்திருந்தா நமக்கு இந்தக் கதி வந்திருக்குமா?" இந்தக் கேள்வியைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறேன். சம்பள நாளில் கேட்டிருக்கிறேன், கோயில் திருவிழாவில் கேட்டிருக்கிறேன், செத்த வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன். 2022 செப்டெம்பர் 19ஆம் திகதி, எலிசபெத் மகாராணியின் இறுதிக் கிரியையைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது மாத்தளை மாவட்டத்து இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மறுபடியும் கேட்டேன். பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று இத்தனை வருடம் பேசாமல் இருந்தது போதும்.

அன்றைக்கு நாடு முழுக்கத் துக்க தினம். அரச அலுவலகங்களுக்கு விசேட விடுமுறை. தோட்டத்தில் மட்டும் வழக்கம்போலக் காலையில் பெரட்டு, வழக்கம்போல மலைக்கு ஏறினார்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்த கையோடு லயத்தில் பாதிப்பேர் என் சின்னம்மா வீட்டுக் காம்பராவில் கூடிவிட்டார்கள். பெட்டிக்கு மேலே கிரீடம், சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள், தெரு முழுக்கப் பூ. சின்னம்மா அழுதார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, நகக்கண் வெடித்த விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்புட்டு மரியாதையாக் கொண்டு போறாங்க பாரு. நம்மள ஆண்ட மகராசி" என்றார். கொழும்பில் கடையில் நிற்கும் அவர் மகன், "அவங்க ஆண்டிருந்தா பெட்ரோலுக்கு வரிசையில நின்னிருப்போமா?" என்றான். பென்சன் எடுத்த கிளாக்கர் ஐயா முடித்து வைத்தார்: "ரோடு போட்டான், ரயில் விட்டான், ஆஸ்பத்திரி கட்டினான். நம்ம ஆளுங்க வந்து என்னத்தக் கிழிச்சாங்க?"

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எல்லார் முகத்திலும் அதே எண்ணம்.

சின்னம்மாவின் கண்ணீரை நான் குறை சொல்லவில்லை. யார் செத்தாலும் அழுகிற மனம் அது. அந்தக் கண்ணீருக்குள் ஒரு பொய்யை ஊற்றி வைத்திருக்கிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறேன். நம்மை ஆண்ட மகராசி 1953இல் நமக்கு என்ன செய்தார் என்று அந்தக் காம்பராவில் இருந்த ஒருவருக்காவது தெரியுமா?

1948இல் நம்மை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை இல்லாதவனுக்கு வாக்கில்லை என்றார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனம், 1952 தேர்தலில் இடாப்பிலேயே இல்லை. ருவான்வெல்லைத் தொகுதியைச் சேர்ந்த கோடாக்கன் பிள்ளை என்ற நம்மவர் விடவில்லை. என் பெயரை இடாப்பில் போடு என்று வழக்காடினார். கொழும்பு உயர் நீதிமன்றம் கைவிரித்தது. லண்டனுக்குப் போனார், பிரிவி கவுன்சிலுக்கு. வெள்ளைக்காரன் நீதி தருவான் என்று நம்பித்தான் போயிருப்பார். சிறுபான்மைக்குப் பாதகமான சட்டம் போடக்கூடாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவில் எழுதி வைத்தவன் அவன்தானே. 1953இல் பிரிவி கவுன்சில் அந்த மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. யார் பிரஜை என்று தீர்மானிக்கிற உரிமை ஒரு நாட்டின் சட்டசபைக்கு இருக்கிறது, இதில் பாரபட்சம் இல்லை என்று சொல்லிவிட்டது.

பிரிவி கவுன்சில் மற்ற நீதிமன்றங்களைப் போலத் தானே தீர்ப்பு வழங்குவதில்லை. முடிக்கு ஆலோசனை சொல்லும். முடியின் ஆணையாகத்தான் அது வெளிவரும். 1953இல் அந்த முடி யார் தலையில் இருந்தது? அந்த வருடம் ஜூன் 2ஆம் திகதிதான் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் எலிசபெத்துக்கு முடி சூட்டினார்கள். அதே ஆலயத்தில்தான் அவருக்கு இறுதிப் பிரார்த்தனையும் நடந்தது. 1953இல் அவர் பிரித்தானியாவுக்கு மட்டும் இராணி இல்லை. 1952 தொடக்கம் 1972 மே 22 வரை இலங்கைக்கும் அவரே இராணி. நமக்கு வாக்கில்லை என்ற கடைசிச் சொல் நம் இராணியின் பெயரில் வந்தது. 1954 ஏப்ரலில் அவரே இந்த நாட்டுக்கு வந்து பாராளுமன்றத்தையும் திறந்து வைத்துவிட்டுப் போனார். நம் பிரதிநிதி ஒருவரைக்கூட நாம் வாக்களித்து அனுப்ப முடியாத பாராளுமன்றம் அது.

இதைச் சொன்னால் படித்தவர்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள். "அது பெயருக்குத்தான், மகாராணிக்கு அதிகாரம் ஒன்றும் கிடையாது." சரி. அதிகாரம் இல்லாதவர் ரோடு எப்படிப் போட்டார்? ஆஸ்பத்திரி எப்படிக் கட்டினார்? நல்லது நடந்தால் மகாராணி தந்தது, கெட்டது நடந்தால் மகாராணிக்கு அதிகாரமே இல்லை. இந்தக் கணக்கை வேறு எந்த ஆட்சியாளருக்காவது நாம் போடுவோமா?

சட்டத்தைக் கொண்டுவந்தது டி.எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம்தானே என்பார்கள். ஆமாம், அவரைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் நம்மை இந்தியாவிலிருந்து கூட்டிவந்தவன் யார்? நூறு வருடத்துக்கு மேல் வேலை வாங்கி, காடழித்து, கோப்பியும் தேயிலையும் போட்டு, இலாபத்தை லண்டனுக்கு அனுப்பிய பிறகு, போகிற போக்கில் நம் உரிமை விவகாரத்தைக் கொழும்பு அரசியல்வாதிகள் கையில் விட்டுவிட்டுப் போனவன் யார்? பிறகு நியாயம் கேட்டு அவன் வாசலுக்கே போனவரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினானே. 1953 வெள்ளைக்காரனுக்கு வைத்த பரீட்சை. அதில் அவன் தோற்றான்.

ரோடு, ரயில் பேச்சை மாத்தளைக்காரன் எடுக்கவே கூடாது. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். கோப்பி மூட்டை இறக்க வந்த ரயில். அதற்கு முன் அரை நூற்றாண்டாக நம் சனம் எப்படி வந்தது? தலைமன்னாரில் தோணியை விட்டு இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டுவழியாக நடந்து வந்தது. காலரா, காய்ச்சல், குடிக்கத் தண்ணீரில்லாத வறண்ட காடு. நடக்க முடியாமல் விழுந்தவனை விழுந்த இடத்தில் விட்டுவிட்டுக் கங்காணி மிச்சப்பேரை ஓட்டிக்கொண்டு வந்தான். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். செத்தவர் பெயரைப் பதிந்து வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. உயிரோடு வந்தவர்கள் மாத்தளையில் சேர்ந்து, அங்கிருந்துதான் மலைகளுக்குப் பிரிந்து போனார்கள். மாத்தளை முத்துமாரியம்மனைக் கும்பிடுகிற சனத்தின் வேர் அந்த நடையில் இருக்கிறது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, ரோடு போட்டான் என்று நன்றி சொல்வதா?

நம் சிங்கள அயலவருக்கும் இந்த மாவட்டத்தில் கதை உண்டு. 1848இல் நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி என்று டொரிங்டன் ஆளுநர் போட்டதற்கு எதிராக மாத்தளை கிளர்ந்தது. தம்புள்ளை விகாரையில் கிளர்ச்சித் தலைவர் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். இன்னொரு தலைவரான புரன் அப்புவை வெள்ளைக்காரர் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். மாத்தளை நகரில் நினைவுச்சின்னம் நிற்கிறது. அதன் பக்கமாகத்தான் நாம் பஸ்ஸில் போய்வருகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகாராணியை அடக்கம் செய்த வின்சர் கோட்டையைத் தொலைக்காட்சியில் பார்த்து வாய் பிளந்தோமே, கண்டி அரசனின் சிம்மாசனம் அந்தக் கோட்டையில்தான் கிடந்தது. 1815இல் பிடித்துக்கொண்டு போனது, 1934இல்தான் திரும்பி வந்தது. அந்தச் சிம்மாசனத்தில் கடைசியாக இருந்தவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பிறந்த பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். அவரை நாடு கடத்தி வேலூரில் வைத்தார்கள். 1832 ஜனவரி 30ஆம் திகதி கைதியாகவே அங்கே செத்தார். கண்டி இராச்சியத்தின் கடைசி மன்னர் எங்கே அடங்கினார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பக்கிங்ஹாம் மாளிகை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், உடனே சொல்வார்கள்.

"துரைமார் நல்லவங்க" என்கிறார்கள். நல்லவர் ஒருவர் வந்தார், மறுக்கவில்லை. மாத்தளை எல்லையைத் தாண்டினால் மடுல்கலை. அங்கே ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரை வேலை பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற இளைஞன், தோட்டத்தில் நடக்கிற அநியாயத்தைக் கண்டு தொழிலாளர் பக்கம் நின்று மேடையேறினான். 1937இல் ஆளுநர் ஸ்டப்ஸ் அவனை நாட்டை விட்டு வெளியேறச் சொல்லிக் கட்டளை போட்டார். அந்த ஆட்சியில் நல்லவனுக்கு இடமிருந்ததா? மூன்று வருடம் போகவில்லை, 1940 ஜனவரியில் முல்லோயாவில் சம்பள உயர்வு கேட்டுப் போராட்டம் நடந்தபோது பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். அப்போதும் ஆண்டவன் வெள்ளைக்காரன்தான். கியூவில் நிற்க வைக்கவில்லை, சுட்டான்.

வெள்ளைக்காரன் நல்லவன் என்ற இந்த நம்பிக்கை வளர்வதற்கு நம் தலைவர்களும் காரணம். தோட்டத்து மண்ணெண்ணெய்ப் பிரச்சினையில் வாய் திறக்காதவர்கள் மகாராணிக்கு அனுதாபச் செய்தி எழுத முந்திக்கொண்டார்கள். 87 ரூபாய் மண்ணெண்ணெயை 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ஆக்கினார்கள். அப்போதைய ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தில் 340 ரூபாய் ஒரு லீட்டருக்கே போனால் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்? தமிழ்ச் செய்தி வாசிப்பவர்களோ பெற்ற தாய் போனதுபோலக் குரல் தழுதழுக்க நேரடி வர்ணனை செய்தார்கள். குதிரையின் பெயர், நாயின் பெயர், பெட்டி செய்த மரத்தின் பெயர் எல்லாம் சொன்னார்கள். இலங்கைக்கு இருபது வருடம் இராணியாக இருந்தவரின் ஆட்சியில் இலங்கைத் தமிழ்த் தொழிலாளிக்கு என்ன நடந்தது என்று ஒரு நிமிடம் சொல்லக்கூடாதா? 1953 என்ற ஓர் எண்ணை ஒரு தடவையாவது உச்சரித்திருக்கலாமே.

அந்த எண்ணின் பின்விளைவைச் சின்னம்மாவே அனுபவித்தவர். 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள். வாக்கிருந்தால் கேட்காமல் பிரித்திருப்பார்களா? அப்போதும் இலங்கையின் இராணி இதே எலிசபெத்தான். சின்னம்மாவின் அண்ணன் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போய், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலேயே மறுபடியும் கூலிக்கு நின்றது. அண்ணன் செத்த செய்தி கடிதமாக வந்து சேர்ந்தபோது காரியமே முடிந்துவிட்டது. சின்னம்மா பார்க்கக் கிடைக்காத சாவு அது. நாடற்றவர் என்ற பெயர் நமக்குச் சட்டப்படி முழுதாக நீங்க 2003 வரை போனது. 1948லிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து வருடம்.

இன்றைய ஆட்சியாளர் மோசமானவர்கள் என்பதற்கு எனக்கு யாரும் ஆதாரம் காட்டத் தேவையில்லை, நானும் இந்த நாட்டில்தான் அரிசி வாங்குகிறேன். அவர்கள் மோசம் என்பதால் முந்தினவன் நல்லவனாகிவிட மாட்டான். வெள்ளைக்காரன் கட்டிய அதே லயத்தில், அவன் அளந்து கொடுத்த அதே காம்பராவில் உட்கார்ந்து, கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்துக்கொண்டு அவனைப் புகழ்கிறோம்.

துக்கம் அனுட்டிக்க வேண்டுமென்றால் அதற்கு நமக்கென்று ஒரு திகதி இருக்கிறது. பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நவம்பர் 15. அன்றைக்கு அரசாங்கம் கொடியை இறக்காது, தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பும் இருக்காது, தோட்டத்தில் பேர் போடாமல் விடவும் மாட்டார்கள். தொழிற்சங்கங்கள் ஒவ்வொரு பெரட்டுக் களத்திலும் கொழுந்துக்குப் போகுமுன் பத்து நிமிடம் வேலையை நிறுத்தி, கோடாக்கன் பிள்ளை வழக்கின் கதையைச் சனத்துக்குச் சொல்லட்டும். இரத்தோட்டையில் அதைச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.